அப்பா குரலுக்கு ஒரு மாவுமில்

மில் ஓடவில்லை. மில் ஓடாமல் அப்பா பேச முடியாது. அப்பா என்றால் அப்பா இல்லை, நான். நிஜமான அப்பா இந்நேரம் ரெண்டு தெரு தள்ளி லேத்துப் பட்டறையில் நின்று இரும்பைக் கடைந்துகொண்டிருப்பார், வருஷக்கணக்காக மிஷினோடு போட்டி போட்டுப் பேசியதில் அவருக்கு மெதுவாகப் பேசுவதே மறந்துபோய்விட்டது, போனைக் காதில் வைக்க மாட்டார், கடிக்கப்போகிற டீக்கடை வறுக்கி மாதிரி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு ம்ஹ்க்கும் என்று ஒரு செருமல், ஹல்லோவ், சொல்லுங்க, ஆமாங்க, எம் பையந்தானுங்க, காச்சலுங்க, ஆமாங்க. இந்தக் குரல் என்னிடம் அச்சு அசலாக இருக்கிறது. ஆனால் இந்தக் குரலுக்குப் பின்னால் ஏதாவது ஒரு மிஷின் ஓடியாக வேண்டும், ஓடாவிட்டால் சும்மா ஒருத்தன் நடுரோட்டில் நின்று கத்துவது போல இருக்கும், என் கிளாஸ் டீச்சர் ஜெசிந்தா மிஸ் கண்டுபிடித்துவிடுவார். பட்டறைக்குப் பக்கத்தில் போய் நின்று பேசலாம் என்றால் அங்கே அப்பாவே இருக்கிறார். அதனால்தான் மாவுமில். போனில் கேட்டால் மாவுமில்லுக்கும் லேத்துக்கும் வித்தியாசம் தெரியாது, அதுவும் ஜெசிந்தா மிஸ் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் சார் என்றால்தான் யோசிக்க வேண்டும். தினமும் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்னால் யூனிபார்மோடு வந்து மில் வாசலில் இந்தக் கல்மேல் உட்கார்ந்து, உள்ளே பெல்ட் சுழல ஆரம்பித்ததும் ஓரமாகப் போய் அப்பா ஆகி, எனக்கு லீவு சொல்லி, திரும்பி வந்து உட்கார்ந்து நான் ஆகிவிடுவேன். இன்றைக்குப் பார்த்து இந்தத் தெருவில் கரண்ட்டு இல்லை.

"இப்ப வந்துரும், ஈபிக்காரன் கம்பத்து மேலதான் இருக்கான், எறங்குனா வந்துரும்" என்று மில்லுக்கார அண்ணன் யாரையும் பார்க்காமல் சொல்கிறார், அவருக்குப் புருவமும் காது மடலும் மட்டும் வெள்ளை. வாசலில் போசிகளும் டப்பாக்களும் ஆளுக்குப் பதிலாக வரிசையில் நிற்கின்றன, கோதுமை, அரிசி, ராகி, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு தூக்குவாளி மிளகாய். மிளகாய் எப்போதும் கடைசிதான், அது முந்தினால் அன்றைக்கு அரைக்கிற எல்லாமே எரியும். வாளிக்குச் சொந்தக்கார அக்கா விடுவதாக இல்லை. "என்னுதச் சித்த மொதல்ல போட்டுக் குடுங்கண்ணா, கம்பெனிக்கு நேரமாச்சு." "உன்னுத மொதல்ல போட்டா, ராகிக்களி தின்னவனெல்லாம் ராத்திரி என்னையத் தேடிட்டு வருவான் அம்மிணி." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே அந்த அம்மிணியை உள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டேன், மூக்கில் ஆரம்பித்துத் தொண்டையில் முடிகிறது, சுலபம். எந்தக் குரல் கேட்டாலும் இப்படிப் போட்டுப் பார்த்துவிடுவேன், கடையில் சட்டையைப் போட்டுப் பார்க்கிற மாதிரி, வாங்குவது வாங்காதது அப்புறம். அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ என்ன கண்ணு அரைக்க வந்தே, கையில ஒண்ணையுங் காணம்?" அம்மா எடுத்துட்டு வராங்கக்கா. "பள்ளிக்கூடம் போகுல?" இன்னிக்குப் பரீட்சைங்கக்கா, லேட்டாப் போனாப் போதும். "பரீட்சைன்னா நேரத்துலயல்ல போவோணும்?" வாய் இப்படித்தான், என்னைக் கேட்காமல் எதையாவது அவிழ்த்துவிட்டு, பிறகு என்னையே பார்க்கும். ஹிஹி என்று இளித்து வைத்தேன். இளித்த அந்த இடத்தில்தான் நெஞ்சு ஒரு துடிப்பை விழுங்கியது. மாடிப்படி முடிந்துவிட்டது தெரியாமல் இன்னொரு படிக்குக் காலை வைக்கிற மாதிரி. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்வதற்குள் கை கழுத்துக்குப் போய்விட்டது, தாடைக்குக் கீழே அந்த இடத்தில் விரல் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது, துடிக்கிறதா, துடிக்கிறது, வேகமாகத் துடிக்கிறதா, தொட்டுப் பார்ப்பதால் வேகமாகத் துடிக்கிறதா, தொடாமல் விட்டால் நின்றுவிடுமோ, அதனால் தொட்டபடியே இருக்கிறேன், அக்கா பார்க்கிறார், கழுத்தைச் சொறிவது போல் சொறிந்துகொள்கிறேன்.

இது எப்போது ஆரம்பித்தது என்றால் ஒன்றும் நடக்காத ஒரு நாளில்தான் ஆரம்பித்தது, அதுதான் எனக்குப் பெரிய பயம், பரீட்சை நாளோ அடி விழுந்த நாளோ என்றால் அந்த நாளைத் தள்ளிவைத்துவிட்டு இருக்கலாம், இது சும்மா ஒரு நாள். மத்தியானத்துக்கு முந்தின பீரியட், ஃபேன் சுற்றுகிறது, யாரோ முன்கூட்டியே டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு மூடியதில் எலுமிச்சைச் சாத வாசனை, போர்டில் ஜெசிந்தா மிஸ் ஏதோ ஒரு சமன்பாட்டுக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு முந்தைய இடைவேளையில்தான் பிரின்சிபால் குரலில் மூன்றாம் மாடி முழுக்கக் காலி பண்ண வைத்திருந்தேன். "ஒய் ஆர் யூ ஸ்டாண்டிங் இன் த காரிடார்" என்று சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் விட்டால் பசங்க சட்டையை உள்ளே சொருகிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கவேண்டும். டப்பிங் என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள், பிரகதீஸ்வரன் என்று ஒருத்தன் இருப்பது வருகைப்பதிவின்போது மட்டும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அப்படி ஒரு நல்ல நாளில், அம்புக்குறி போட்ட அந்த நிமிஷத்தில், காற்று தீர்ந்துபோனது. வகுப்பில் காற்று இருக்கிறது, எல்லோரும் இழுக்கிறார்கள், எனக்கு மட்டும் உள்ளே போகவில்லை. விரல் நுனி மரத்தது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது, செத்துப்போகப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவு தெளிவாக எனக்கு எந்தப் பாடமும் விளங்கியதில்லை. டெஸ்க்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். மிஸ், மூச்சு, என்றேன். ஹீ என்று ஒரு இழுப்பு, மறுபடி மூச்சு என்றேன், மறுபடி ஹீ. எனக்குப் பின்னால் வசீகரன் முதலில் சிரித்தான். "டேய் டப்பிங், நம்ம வாட்ச்மேனாடா? செமடா." இளைப்புள்ள எங்கள் வாட்ச்மேனை நான் பண்ணுவேன், அது எங்கள் வகுப்பில் பிரசித்தம், கேட்டைத் திறக்கும்போது அவர் இழுக்கிற இழுப்பு அப்படியே வரும். இப்போது என் வாயிலிருந்து வந்தது அதே இழுப்பு, ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை, எனக்கே கேட்டது. வகுப்பே கைதட்டியது. மிஸ்கூடத் திரும்பிச் சிரித்துக்கொண்டே "போதும் போதும், உட்காரு" என்றார். செத்துக்கொண்டிருந்த நான் என்ன செய்தேன் என்றால், கைதட்டல் கேட்டதும் குனிந்து ஒரு கும்பிடு போட்டேன். பழக்கதோஷம். உடம்புக்குத் தெரிந்தது அதுதான். கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் டெஸ்க்மேல் ஊன்றிக்கொண்டு, மணி அடிக்கிறவரை செத்துக்கொண்டே இருந்தேன், மணி அடித்தபோது சாகவில்லை.

சாகவில்லை என்பது ஒரு சமாதானம் இல்லை, அடுத்த முறை இருக்கிறதே. அடுத்த முறையும் கைதட்டுவார்கள். அதுதான் படுத்தாலும் உட்கார்ந்தாலும் திரும்பத்திரும்ப ஓடுகிறது, நான் நிஜமாகவே வகுப்பில் விழுந்து கிடக்கிறேன், சுற்றி நின்று கைதட்டுகிறார்கள், ஒன்ஸ்மோர் என்கிறான் வசீகரன், இன்னும் கொஞ்சம் நீலமா ஆகிக் காட்டுடா என்கிறான், யாரும் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. மறுநாள் காலையில் ஷூ லேசைக் கட்டும்போது அந்த வகுப்பறையின் எலுமிச்சைச் சாத வாசனை எங்கள் வீட்டு ஹாலில் அடித்தது. அடுத்த நாள் பஸ்ஸில் ஏறினேன், பள்ளிக்கூட நிறுத்தத்தில் இறங்க முடியவில்லை, கால் என்னுடைய கால் மாதிரியே இல்லை, கடைசி நிறுத்தம்வரை போய் அதே பஸ்ஸில் திரும்பினேன். அதற்கு அடுத்த நாள் அப்பா குரலில் போன் போட்டேன். இந்தப் பட்டன் போன் அப்பா தூக்கிப்போட்டது. பதினொன்றாம் வகுப்பு சேரும்போது அப்பா நம்பர் என்று இந்த நம்பரைத்தான் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்தேன், மார்க் குறைந்தால் மெசேஜ் எனக்கே வரட்டும் என்று. அப்போது அது விளையாட்டு. காய்ச்சலுங்க. வயித்தால போவுதுங்க. சித்தப்பா ஒருத்தர் தவறிட்டாருங்க, ஆமாங்க, சின்ன வயசுதானுங்க. எனக்குச் சித்தப்பாவே கிடையாது, ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம்வரை அவரை நினைத்துக் கஷ்டமாக இருந்தது. அம்மா மோட்டார் வைண்டிங் வேலைக்குப் போனதும் வீட்டுக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, டிவியைச் சத்தமில்லாமல் போட்டு, வாய் அசைகிறவர்களுக்கெல்லாம் குரல் கொடுத்தபடி படுத்திருப்பேன். அடுத்தவன் குரலில் பேசிக்கொண்டிருக்கும்வரை அந்த மூச்சுமுட்டல் வராது. இதை நான் கண்டுபிடித்துவிட்டேன், வாயில் இன்னொருத்தன் இருக்கும்போது அது வருவதில்லை, வாயை மூடினால், உள்ளே யாரும் இல்லாமல் வெறும் நான் மட்டும் இருந்தால், வந்துவிடுகிறது. அதனால் மூடுவதில்லை. தூங்கப் போகும்போதுகூட வாய்க்குள் ஒரு கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

நேற்று ஜெசிந்தா மிஸ் சொன்னார், மில் சத்தத்தில் பாதிதான் கேட்டது, ஆனால் அந்தப் பாதி போதும். "சார், நாளைக்கும் வரலைன்னா நான் நேர்ல உங்க பட்டறைக்கே வந்து பாக்குறேன்." ஆமாங்க, வரச்சொல்றனுங்க, என்று வைத்துவிட்டேன். அவர் வந்தால், பட்டறை வாசலில் நின்று, சார் நேத்து போன்ல சொன்னீங்களே என்று ஆரம்பித்தால், அப்பா எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, நானுங்களா என்பார். அதனால் இன்றைக்கு அப்பா ரொம்ப நன்றாகப் பேசியாக வேண்டும். ஒறம்பரையில் கல்யாணமுங்க, குடும்பத்தோட சொந்தக்காரங்க ஊருக்குப் போறமுங்க, பட்டறை பூட்டியிருக்கும் நீங்க வந்து அலையாதீங்க, திங்கக்கிழமை நானே கூட்டியாந்து உடறனுங்க. எல்லாம் தயாராக இருக்கிறது, செருமல் உட்பட. மில் மட்டும் ஓட வேண்டும். பள்ளிக்கூடத்தில் இந்நேரம் மணி அடித்திருப்பார்கள், பிரேயர் முடிந்திருக்கும், மிஸ் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருப்பார். ஈபிக்காரன் இன்னும் கம்பத்தின்மேலேயே இருக்கிறான், ஒரு காலை மாற்றி வைத்தான், கீழே இருப்பவனிடம் வெற்றிலை பாக்கு கேட்கிறான் போலிருக்கிறது, இறங்குடா சாமி. தெரு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அமைதி நல்லதல்ல. அமைதியில் எல்லாம் கேட்கிறது, அக்கா வாளியை நகர்த்துவது, மேலே ஓட்டில் காக்கா நடப்பது, என் காதுக்குள் ரத்தம் ஓடுவது. மறுபடி ஒரு துடிப்பு விழுங்கப்பட்டது. இப்போது இடது கையில் ஒரு இழுப்பு, இடது கை என்றால் அதுதானே, இல்லை, பை மாட்டியிருந்த கை, இல்லை, அதுதான். நெஞ்சுவலி என்று நான் சொன்னதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், வயர் வயராக ஒட்டிப் பார்த்துவிட்டு டாக்டர் காகிதத்தைக் கிழித்து எடுத்து, "எல்லாம் நார்மல், சும்மா பயம், இந்த வயசுல எதுக்குப்பா பயம்" என்று சிரித்தார். சும்மா பயம். டாக்டர் குரலும் என்னிடம் இருக்கிறது, அதில் சொல்லிப் பார்க்கிறேன், எல்லாம் நார்மல், எல்லாம் நார்மல், ஆனால் உள்ளே அந்தக் குரலையும் அது பிடுங்கிக்கொள்கிறது, எல்லாம் நார்மலாத்தான் இருந்துச்சு, திடீர்னு போயிட்டான், என்று அதே டாக்டர் யாரிடமோ சொல்கிறார். பிரின்சிபால் சொல்கிறார், ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி. வசீகரன் சொல்கிறான், செமடா. பயத்துக்கென்று சொந்தக் குரல் கிடையாது, யார் குரலில் வேண்டுமானாலும் பேசும், என்னைவிட நன்றாகப் பேசும். என் நெஞ்சுக்குக்கூட மிமிக்ரி தெரியும், சாகப்போகிறவன் நெஞ்சு மாதிரியே அடித்துக் காட்டும், கைதட்டத்தான் ஆள் இல்லை.

அப்போது போன் அடித்தது. பட்டன் போன், தெரு முழுக்கக் கேட்கிற அந்தக் கீச்சு மெட்டு. நான் போடுவதற்குள் மிஸ்ஸே போட்டுவிட்டார். அக்கா பார்க்கிறார், மில்லுக்கார அண்ணன் பார்க்கிறார், எடுக்காமல் விட்டால் மிஸ் நேராகப் பட்டறைக்குப் போய்விடுவார். மில்லுக்குப் பக்கத்துச் சந்துக்குள் ஓடி, சுவரோடு ஒட்டி நின்று, எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் உறைத்தது, பின்னால் எந்த மிஷினும் இல்லை, கத்த முடியாது. கத்தாத அப்பா என்னிடம் இல்லை. "ஹலோ, பிரகதீஸ்வரன் அப்பாங்களா?" சுவரின் காரை நகத்தில் உதிர்கிறது. இல்லை, கத்தாத அப்பா ஒருத்தர் இருக்கிறார், ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ரயில்வே கேட் போட்டிருந்தது, ஸ்கூட்டரை அணைத்துவிட்டு அப்பா திரும்பாமலேயே கேட்டார், ஒண்ணுமில்லன்னுட்டாங்கல்ல, அப்பறம் என்னடா சாமி பண்ணுது உனக்கு? சாமி என்று அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. குரல் அடிவயிற்றிலிருந்து வராமல் மேல்தொண்டையிலேயே நின்று, கடைசியில் கொஞ்சம் உடைந்தது. அதற்குள் ரயில் வந்துவிட்டது. அந்தக் குரலை எடுத்தேன். "ஆமாங்க. சொல்லுங்க மேடம்." வந்தது. செருமல்கூட இல்லாமல் வந்தது.

அந்தப் பக்கம் ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு, "இன்னிக்கு உங்க சத்தம் நல்லாக் கேக்குது சார்" என்றார். கரண்ட்டு இல்லீங்க. "பையன் எப்படி இருக்கான்?" கல்யாணம், ஒறம்பரை, ஊர், எல்லாம் நாக்கு நுனியில் வரிசையில் நின்றன, ஆனால் அந்தக் குரலில் அவை வரவில்லை, ரயில்வே கேட்டில் நிற்கிற ஆளுக்குக் கல்யாணம் பற்றியெல்லாம் எதுவும் தெரியாது. "தெரீலீங்க மேடம்" என்றார் அப்பா. "அவனுக்கு என்னமோ பண்ணுதுங்க. ஆஸ்பத்திரியில பாத்தாச்சு, ஒண்ணுமில்லைங்கறாங்க. ஆனா ஒண்ணுமில்லாம இல்லீங்க. பள்ளிக்கூடம்னாலே மூச்சு முட்டுதுங்க அவனுக்கு. நடிக்கறானோன்னு தோணும், நடிப்பில்லீங்க. பயமா இருக்குதுங்க அவனுக்கு." சொல்லச்சொல்ல எனக்கு அந்தப் பையனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, யாராவது அவனுக்கு ஏதாவது பண்ணுங்களேன் என்று இருந்தது. ஜெசிந்தா மிஸ் மெதுவாகச் சொன்னார், போர்டைப் பார்த்துப் பேசுகிற குரல் இல்லை அது. "அன்னிக்கு கிளாஸ்ல எந்திரிச்சு மூச்சுன்னு சொன்னான் சார். நானும் சிரிச்சேன். எல்லாரும் போனப்புறம் பாத்தா, டெஸ்க்குல அவன் கை வெச்சிருந்த எடம் ரெண்டும் அப்படியே ஈரமா இருந்துச்சு. அஞ்சு வெரலும் தெரியுது. நடிக்கறவனுக்கு அப்படி வேர்க்காதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. தெனமும் கேக்கணும்னு நெனப்பேன், உங்க மிஷின் சத்தத்துல கேக்க முடியல." என் நகத்தில் இன்னும் கொஞ்சம் காரை உதிர்ந்தது. "எனக்கு உங்ககிட்ட கேக்க ஒண்ணுமில்ல சார். அவன் பக்கத்துல இருந்தா போனைக் கொஞ்சம் அவன்கிட்ட குடுங்க."

தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா, எப்போது தெரிந்தது, அந்தச் சிறிய நிறுத்தம் எதற்கு, இதையெல்லாம் யோசிக்க எனக்கு நேரமே இல்லை, பக்கத்துல இருக்கானுங்க என்று அப்பா சொல்லிவிட்டார். "குடுங்க. அவசரமில்ல, நான் வெச்சிட்டிருக்கேன்." போனை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினேன், கொடுப்பது அவ்வளவுதான், சந்தில் வேறு யாரும் இல்லை. வாயில் யாரும் இல்லை. கண்டக்டரைக் கூப்பிட்டேன், வரவில்லை, பிரின்சிபால் வரவில்லை. வாய் காலியானால் அது வரும் என்று தெரியும், வந்தது, விரல் நுனியில் ஆரம்பித்து உதட்டைச் சுற்றி எறும்பாக, ஹீ என்று ஒரு இழுப்பு. அந்த நேரம் பார்த்து தெரு விளக்கு ஒன்று பகலிலேயே எரிந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் பெல்ட் ஒருமுறை திணறிச் சுழல, மில் ஓட ஆரம்பித்துவிட்டது. சுவர் அதிர்ந்தது, முதுகு அதிர்ந்தது, நல்ல உரத்த அச்சு அசலான லேத்துச் சத்தம், காலையிலிருந்து காத்திருந்த சத்தம். ஒரு செருமல் போதும். ஹல்லோவ், கேக்கலீங்க மேடம், கரண்ட்டு வந்துருச்சுங்க, திங்கக்கிழமை வருவானுங்க, முடிந்தது. போன் காதில் சூடாக இருந்தது, அந்தப் பக்கம் யாரோ காத்திருக்கிற மூச்சு மட்டும் கேட்டது, சாதாரணமாகப் போய்ச் சாதாரணமாக வருகிற மூச்சு. இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு நடந்தேன். மில்லை விட்டு, சந்தை விட்டு, ஈபிக்காரன் இறங்கி நின்ற கம்பத்தையும் தாண்டி, சத்தம் தேயத்தேய நடந்து, பூட்டிக்கிடந்த ஒரு வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பி கையில் ஈரமானது. இழுப்பு நிற்கவில்லை, நிற்கும்வரை இருக்கலாம் என்று பார்த்தேன், நிற்பதாக இல்லை, இழுப்போடு சேர்த்தே வாயைத் திறந்தேன்.

"மிஸ்."

மெல்லிசாக, கொஞ்சம் கரகரப்பாக, எங்கேயும் கேட்டிராத ஒரு குரல்.

யாருன்னு அவங்க கேக்கல.